நாற்பத்தெட்டு விநாடி பின்னால்

கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்றுதான் அட்டெண்டர் சொல்லியிருந்தார். சொன்ன மனிதர் ஒன்றும் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. எதிரே கான்பரன்ஸ் ரூம் கதவை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தும் செண்பகவல்லி இருபது நிமிஷத்துக்குள் மூன்று முறை எழுந்துபோய்க் கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "யம்மா, நீங்க வந்து வந்து கேட்டா உள்ள சீக்கிரம் கூப்ட்டுருவாகளா? நீங்க பாட்டுக்கு ஒக்காருங்க. கூப்ட்டா நாஞ் சொல்ல மாட்டனா?" என்றார். நியாயம்தான். இதை அவளுக்கு இன்னொருவர் சொல்லவே வேண்டியதில்லை. பதினாலு வருஷமாக இதே பாடத்தைக் கம்ப்யூட்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற ஒன்றுக்குக் கெர்னல் என்று பெயர். வயர் வழியே எது வந்தாலும் முதலில் அதன் கைக்குத்தான் வரும். மேலே இருக்கிற புரோகிராம் விநாடிக்கு நூறு தரம் 'எனக்கு வந்ததா, எனக்கு வந்ததா' என்று நச்சரித்துக்கொண்டிருந்தால் உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது, மெஷின் சூடாவதுதான் மிச்சம். ஆகவே 'வந்தால் எழுப்பு' என்று கெர்னலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புரோகிராம் தூங்கப் போய்விட வேண்டும். வந்ததும் கெர்னல் தட்டி எழுப்பும், எழுந்து எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு. அந்த மரியாதையை அவளால்தான் இன்று கடைப்பிடிக்க முடியவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பினாயில் வாடை இன்னும் ஈரமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பையில் ஒரு கடிதம் இருந்தது.

கடிதத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்த மறு நிமிஷமே அதன் வாசகம் வரி பிசகாமல் மனசுக்குள் ஓடியது. 'தங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எங்கள் நிறுவனம் அமைத்துள்ள கண்காணிப்பு அமைப்பு எவ்விதப் பழுதுமின்றி இயங்கி வருகிறது.' கீழே முதலாளி கோகுலகிருஷ்ணனின் கையெழுத்து, பச்சை மசியில், வால் நீண்டது. ஆஸ்பத்திரியின் விசாரணைக் கமிட்டி கேட்டால் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் விடியுமுன்பே கோயமுத்தூரில் பஸ் ஏறி மதுரைக்கு வந்திருக்கிறாள். வழியெல்லாம் ஜன்னலோரக் காற்று முகத்தில் அடித்தும் தூக்கம் வரவில்லை. எவ்விதப் பழுதுமின்றி. அந்த 'எவ்வித'த்தில்தான் வந்து இடித்தது. பழுதின்றி என்று மட்டும் எழுதியிருந்தால் எப்படியாவது மென்று விழுங்கியிருக்கலாமோ என்னமோ. பெஞ்சின் மறுகோடியில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், வெள்ளை யூனிபார்ம் கஞ்சி போட்டு விறைத்திருந்தது, மார்பில் ஜெபமலர் என்று பெயர். அந்தப் பெயரைச் செண்பகம் ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரி கம்பெனிக்கு அனுப்பிய விசாரணைக் காகிதங்களில். 'பணியிலிருந்த செவிலியர் எஸ். ஜெபமலர், ஏழாம் தொட்டிலின் அபாய மணிக்கு நாற்பத்தெட்டு விநாடி தாமதமாகச் செயல்பட்டுள்ளார்.' காகிதத்தில் இருந்தவரை அது வெறும் பெயர். பெயருக்குப் பாதத்தில் ரப்பர் செருப்பு இருக்கும், இடது பெருவிரலில் பிளாஸ்திரி இருக்கும், மடியில் டிபன் பாக்ஸ் இருக்கும் என்றெல்லாம் யார் நினைத்தது? பெஞ்ச் நாலு பேர் உட்காரக்கூடியது. இடையில் இருந்த இடத்தில் தன் பையையாவது வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீங்கதான் மிஷின் கம்பெனிங்களா மேடம்?" என்று ஜெபமலரே கேட்டார். ஆமாங்க என்றாள். "நல்ல மிஷின்ங்க. இது வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு தொட்டிலுக்கும் நடந்து நடந்து காலு கழண்டுபோகும். இப்ப மேஜையில ஒக்காந்தே எல்லாம் பாத்துர்றோம். எனக்குத்தான் நேரஞ் சரியில்ல." சிரிக்கக்கூடச் செய்தார். செண்பகத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, கடிகாரத்தில் வைத்தாள். நல்ல மிஷின். அந்த மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமை எழுதியவள் இவள். ஒவ்வொரு தொட்டிலின் பக்கத்திலும் இருக்கிற கருவி, குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் விநாடிக்கு ஒரு செய்தியாக மேஜைக்கு அனுப்பும். மேஜையில் இருப்பது அதை வாங்கித் திரையில் கோடாக ஓட்டும், ஆபத்தென்றால் மணியடிக்கும். தொட்டிலோரத்திலேயே மணியடித்தால் மற்ற குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும் என்று அந்தச் சத்தத்தை அணைத்துவைப்பது இந்த வார்டின் வழக்கம். ஆகவே பன்னிரண்டு உயிருக்கும் மேஜை மணி ஒன்றுதான். அன்றைக்கு ஏழாம் தொட்டிலில் மும்தாஜ் என்கிறவளின் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு கிராம், இன்னும் பெயர்கூட வைக்காதது, பட்டப்பகலில் மூச்சு விட மறந்துபோனது. குறைமாதக் குழந்தைகள் அப்படித்தானாம், மூச்சு விடுவதை மறந்துவிடுமாம், யாராவது ஞாபகப்படுத்த வேண்டுமாம். மறந்ததைக் கருவி அந்த விநாடியே குறித்துக்கொண்டது. மேஜையில் மணியை நிறுத்தும் பொத்தானை ஜெபமலர் அழுத்தியது நாற்பத்தெட்டு விநாடி கழித்து. இரண்டு குறிப்புக்கும் நடுவில் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் கமிட்டியின் கேள்வி. நடுவில் மேஜை மணி எப்போது அடித்தது என்று ஒரு குறிப்பும் கிடையாது. அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதிய மகராசிக்குத் தோன்றவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. நன்றாக இருக்கிறது. நேற்றுக் காலை எடை இருபது கிராம் கூடியிருக்கிறதாம், காகிதத்தில் இருந்தது. அந்த இருபது கிராமைச் செண்பகம் பஸ்ஸில் பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

எப்படிப் பிழைத்தது? கண்ணால் பார்த்துத்தான். பால் கலந்துகொண்டு போன ஜெபமலர் ஏழாம் தொட்டிலைத் தாண்டும்போது நிறம் மாறியிருப்பதைப் பார்த்து, பாலைப் போட்டுவிட்டு உள்ளங்காலைத் தேய்த்திருக்கிறார். குழந்தைக்கு ஞாபகம் வந்துவிட்டது. மேஜைக்குத் திரும்பி வந்த பிறகுதான் மணி அடித்தது, அடித்த கையோடு நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று சூப்பரின்டென்டென்ட் ஓரத்தில் எழுதியிருந்தார். பொய் சொல்லாதுதான். நேற்று மத்தியானம் வரைக்கும் செண்பகமும் அதைத்தான் நம்பினாள். நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் ஒரு தரம் 'டிங்' என்றது. வீட்டுக்காரரிடமிருந்து. எடுத்துப் பார்த்தாள், 'பால் வாங்கிட்டேன்.' சரி என்று ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தயிர்சாதத்துக்குத் திரும்பினாள். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, "ஏம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டேன்னு போட்டிருக்கேன், நீ பாட்டுக்குக் கட்டைவிரலக் காட்டுற?" என்று கத்தினார். அடுக்கடுக்காக மூன்று செய்தி அனுப்பியிருக்கிறார், போன் ஒரே ஒரு தடவைதான் 'டிங்' என்றிருக்கிறது, இவள் ஒன்றைத்தான் படித்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிட்டாள். ஒரு தடவை எழுப்பினால் ஒன்று வந்திருக்கிறது என்று யார் சொன்னது? எழுப்பினால், வந்திருக்கிறது. அவ்வளவுதான் அர்த்தம். எத்தனை என்று கெர்னல் சொல்வதில்லை. அவள் எழுதிய முறையில் அது புதிதாக வரும்போது ஒரே ஒரு தடவை தட்டும். எழுந்தவர் பாத்திரம் காலியாகும்வரை வழித்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி படுக்க வேண்டும். அவள் புரோகிராம் என்ன செய்கிறது? எழுகிறது, ஒன்றை எடுக்கிறது, படுத்துவிடுகிறது.

மற்றதெல்லாம் அதற்கப்புறம் கணக்கு வாய்ப்பாடுதான். ஷிஃப்ட் மாறும்போது மேஜைக் கம்ப்யூட்டர் ஒரு ரிப்போர்ட் அச்சடிக்கும். அந்த இரண்டு விநாடி புரோகிராமுக்கு வேறு கவனம் கிடையாது. அதற்குள் ஒவ்வொரு தொட்டிலிலிருந்தும் இரண்டு செய்தி வந்துவிடும், தட்டுவது ஒரு தட்டு, எடுப்பது ஒன்று, ஒன்று தங்கிவிடும். தங்கியது தங்கியதுதான். அடுத்த விநாடி புதுச் செய்திக்காகத் தட்டினால் இது பழையதை எடுத்துக் காட்டும். திரையில் கோடு அழகாக ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் ஓடுவது ஒரு விநாடிக்கு முந்தைய குழந்தை. நாளைக்கு மூன்று ஷிஃப்ட். நிறுத்திப் போட்டால்தான் தங்கியது துடைந்துபோகும், அந்தக் கம்ப்யூட்டரைக் கடைசியாக நிறுத்திப் போட்டு அன்றோடு பதினாறு நாள். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது கையில் தயிர் காய்ந்திருந்தது. அந்த வரியை எழுதிய நாளும் கூடவே வந்து நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள், 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். தெரியாமல் எழுதினாளா? அங்கேதான் சிக்குகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் அந்த இடத்தில் வந்து சிக்குகிறது. தெரியும். காலியாகும்வரை எடு என்று கொட்டை எழுத்தில் போட்ட பக்கத்தை அவள் படித்திருக்கிறாள். விநாடிக்கு ஒன்றுதானே வருகிறது, ஒன்று எடுத்தால் போதும் என்று நினைத்தாள். போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். கேக் நன்றாகக்கூட இல்லை, உப்புச்சப்பில்லாத கேக்.

கோகுலகிருஷ்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். "இருவதாந் தேதி அப்டேட்ல போட்டு அனுப்பிச்சுடலாங்க செண்பகம். சரி பண்ணீட்டமா இல்லீங்களா, அதானுங்க முக்கியம். நாளைக்கு அங்க போயி, கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லாதீங்க" என்றார். கேட்டால் மட்டும். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. யாரும் கேட்கவில்லையென்றால் இவள் பொய் சொன்னவள் ஆகமாட்டாள் அல்லவா? கடிதம் அவர் எழுதியது, கையெழுத்து அவருடையது, தபால்காரர் என்ன பாவம் செய்தார்? இப்படியே பஸ்ஸில் தாராபுரம் வரைக்கும் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு வந்தாள். தாராபுரத்தில் டீ குடித்ததும் மெழுகியது உதிர்ந்துவிட்டது. சொன்னால் வேலை போகும். போகாது. போனாலும் வேறு கிடைக்கும். ஆனால் இந்தத் தொழிலில் இவள் பெயரோடு குழந்தை என்ற வார்த்தை ஒட்டிக்கொள்ளும், பாப்பா பெரியவளானதும் யாராவது சொல்வார்கள். சொல்லட்டுமே. சொன்னால் என்ன? ஜெபமலர் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். சாப்பாட்டை வைக்கிற டப்பாவில் காகிதம் வைத்திருந்தார். கசங்காது என்பதாலாம்.

"இதையும் உள்ள காட்டணும்ங்க," என்றார். "முந்தாநேத்து போயி காது டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். பத்தொம்பது வருஷம் இந்த வார்டுல இருக்கேன். மணி அப்ப அடிக்கலைன்னுதான் மொதல்ல சொன்னேன். அவுக அந்த ரிக்கார்டைக் காட்டுனாக. அதுக்கப்புறம் எனக்கே சந்தேகமாப் போச்சு. மிஷின் எதுக்குங்க பொய் சொல்லப் போவுது? அடிச்சுத்தான் இருக்கும், எங்காதுலதான் விழலையோன்னு." செண்பகம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு, வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று, இரண்டும் நேராக ஓடின. "காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டாக. அப்பன்னா புத்திதான் வேற எங்கயோ போயிருக்கணும். அப்படி ஒருத்தி புள்ளைங்க பக்கத்துல இருக்கலாமான்னு நானே கேட்டுக்கிட்டேன். ஓ.பி.க்கு மாத்துறேன்னா சரின்னு சொல்லிருவேன்." இதைச் சொன்னபோதும் குரல் இறங்கவில்லை, எடை சொல்வதுபோலச் சொன்னார். செண்பகம் காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். வேலையைப் பறித்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தப் பெண் தன் காதையே நம்பாமல் போய்விட்டாரே. ஒரு விநாடி எடுக்கிற விஷயம், சிஸ்டர், உங்கள் காதில் ஒன்றுமில்லை, என் புரோகிராமில்தான் என்று சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது, உள்ளேயிருந்து யாரோ எதையோ சொன்னார்கள், அட்டெண்டர் எழுந்து, "ஜெபமலரு, உள்ள வாங்க தாயி" என்றார். போய்விட்டார். டிபன் பாக்ஸை மறந்து பெஞ்சிலேயே வைத்துவிட்டுக் காகிதத்தோடு போனார்.

செண்பகம் காத்திருந்தாள். கூப்பிடுவார்கள். மிஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், தேவைப்பட்டால் கூப்பிடுவதாகத்தான் மெயிலில் எழுதியிருந்தார்கள். உள்ளே பேச்சுக்குரல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டது. ஆண்குரல், நீளமாக. பிறகு ஜெபமலரின் குரல், குட்டையாக. மறுபடி ஆண்குரல். கடிகாரத்தின் பெரிய முள் ஒன்பதிலிருந்து பத்தைத் தாண்டிப் பதினொன்றைத் தொட்டது. கேட்டால் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். எப்போது தீர்மானித்தாள் என்று தெரியவில்லை, காகிதத்தைப் பார்த்தபோதாக இருக்கும். கேட்டதும் சொல்லிவிடுவேன், மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, ஒரே மூச்சில். கேட்கட்டும். எழுப்பட்டும், எழுந்துகொள்கிறேன். அட்டெண்டர் ராசிபலனுக்குத் திரும்பியிருந்தார். ஏன் கூப்பிடவில்லை? தேவைப்பட்டால்தானே கூப்பிடுவார்கள். ஏன் தேவைப்பட வேண்டும்? சிஸ்டர்தான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டாரே, காது சரியாக இருக்கிறது, புத்திதான் சரியில்லை என்று காகிதத்தோடு போய்ச் சொல்லிக்கொண்டிருப்பாரே. மிஷினைப் பற்றி யாருக்கு அங்கே சந்தேகம்? சந்தேகமில்லாத இடத்தில் யார் எதைக் கேட்பார்கள்? கூப்பிடமாட்டார்கள். இவளை எழுப்பச் சொல்லி உள்ளே யாரிடமும் யாரும் சொல்லிவைக்கவில்லை. சொல்லிவைக்காத புரோகிராமைக் கெர்னல் ஒருநாளும் தட்டாது. அது சொகமாகத் தூங்கிக்கொண்டே இருக்கலாம், கரண்டு போகிறவரைக்கும். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள் என்றாரே கோகுலகிருஷ்ணன், அந்த மனிதருக்கு இது தெரிந்துதான் இருந்திருக்கிறது. சே, எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றிருந்தாள். பயம் போய்விடவில்லை. பயமும் கூடவே எழுந்து நின்றது, ஆனால் கால் நடந்தது.

"இன்னும் கூப்புடலயேம்மா," என்றார் அட்டெண்டர்.

"தெரியும்ணே," என்றாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஏசிக் குளிர். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் சூப்பரின்டென்டென்ட், இந்தப் பக்கம் ஜெபமலர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன. பேனாவின் மூடி கழற்றியிருந்தது. "நீங்க யாரு? உங்களைக் கூப்பிடலையே" என்றார் சூப்பரின்டென்டென்ட். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நினைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "அன்னைக்கு மணி நேரத்துக்கு அடிக்கலைங்க," என்றாள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "சிஸ்டர் சொன்னது நெஜம். அந்தப் புரோகிராம நாந்தான் எழுதினேன். அது நாப்பத்தெட்டு செகண்டு லேட்டாத்தான் அடிச்சிருக்கு. அவங்க அதுக்கு முன்னாடியே பாத்துட்டாங்க." அதற்கப்புறம் வந்துவிட்டது. ஷிஃப்ட், ரிப்போர்ட், மூன்று பதினாறு, எல்லாம். ஒருவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பையிலிருந்த கடிதத்தையும் எடுத்து, இது தப்பு என்று சொல்லி மேஜையில் வைத்தாள். வைத்ததும் தோளில் ஏதோ இறங்கியது. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள், அழுகை வரவில்லை. மாறாக, சந்தோஷம்போல ஏதோ ஒன்று வெட்கமில்லாமல் வந்தது. ஜெபமலர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். நன்றி சொன்னால்தான் தாங்க முடியாது.

ஜெபமலர் இரண்டையும் செய்யவில்லை. "மேடம்," என்றார், "இதே புரோகிராமு வேற எந்த ஆஸ்பத்திரியில ஓடுது?"

நேற்று மத்தியானத்திலிருந்து தன்னையும் தன் வரியையும் இந்த ஒரு பெண்ணையும் சுற்றிச் சுற்றி வந்த மனசு, ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளென்றால் ஒவ்வொரு தொட்டிலுக்கும் மேலும் இருபத்தேழு விநாடி தாமதம். "ஆறு இடத்துல," என்றாள். சூப்பரின்டென்டென்ட் மேஜைமேல் இருந்த போனை இவள் பக்கம் தள்ளினார். ஜெபமலர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க, ஒக்காந்து பேசுங்க" என்றார். முன்னால் இருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, அதே பேனாவால் ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் எண் போட்டுக்கொண்டு ஊர்ப் பெயருக்காகக் காத்திருந்தார். திண்டுக்கல் என்றாள் செண்பகம். நம்பர் மனப்பாடமாக இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள், ஓர் இளம் குரல், பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "கொழந்தைங்க வார்டு, சொல்லுங்க."

"மொதல்ல தொட்டில்கிட்ட இருக்கிற சத்தத்தையெல்லாம் போட்டு விடுங்க," என்றாள் செண்பகம். "கொழந்தைங்க முழிச்சா முழிக்கட்டும். போட்டுட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."